புரூனோவுக்குக் கூலிங் கிளாஸ் போட்டீர்கள், காதுக்கு என்ன போட்டீர்கள்?



நீளமான பதிவு. நேரம் இல்லாதவர்கள் இந்த ஒரு வரியை மட்டும் எடுத்துக்கொண்டு போகலாம்: சின்ன விமானத்தில் நாயைக் கூட்டிப் போவது தப்பில்லை, அதைக் கட்டாமல், காதை மூடாமல், முன் சீட்டில் உட்கார வைத்துக் கூட்டிப் போவது தப்பு. மற்றவர்கள் முழுவதும் வாசித்துவிட்டுச் சண்டைக்கு வாருங்கள். பாதி வாசித்துவிட்டு வருகிறவர்களுக்குப் பதில் சொல்ல மாட்டேன். வகுப்பிலும் அப்படித்தான், தெரியுமே.

விவரம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். நம் பள்ளியில் படித்த தம்பி ஒருவர் இப்போது டெக்சாஸில் இருக்கிறார். விமானம் ஓட்ட லைசென்ஸ் எடுத்திருக்கிறார். எனக்கு ரொம்பப் பெருமை, அதில் சந்தேகமே வேண்டாம். நாலு சீட்டு செஸ்னா 172 ஒன்றை வாடகைக்கு எடுத்து, குடும்பத்தோடு பறந்து, வீடியோ போட்டிருந்தார். இடது பக்கம் தம்பி ஓட்டுகிறார். பின் சீட்டில் மனைவியும் ஆறு வயது மகளும். முன் வலது சீட்டில் 32 கிலோ லாப்ரடார் புரூனோ. மூன்று மனிதர்கள் காதிலும் பெரிய ஹெட்செட் இருக்கிறது. மூன்று பேருக்கும் சீட் பெல்ட் இருக்கிறது. புரூனோவுக்கு ஒரு கூலிங் கிளாஸ்.

நான் கீழே ஒரு கேள்விதான் கேட்டேன்: "தம்பி, நாயின் காதுக்கு என்ன போட்டிருக்கிறாய்? எதில் கட்டியிருக்கிறாய்?" அதற்கு வந்த பதில்களைப் பார்த்தபிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். "டீச்சர், நெகட்டிவிட்டி வேண்டாமே" என்றார் ஒருவர். "டீச்சர் டிரெயினிங் படிச்சவங்க பைலட்டுக்குப் பாடம் எடுக்கறாங்க" என்றார் இன்னொருவர், கூடவே சிரிக்கும் பொம்மை மூன்று. என் சொந்தத்தில் ஒரு மாப்பிள்ளை வேறு பக்கத்திலிருந்து வந்தார்: "மனுஷனுக்கே பஸ்ஸில் இடமில்லை, நாய்க்கு ஏரோப்ளேனா?"

ஆமாம், நான் இரண்டு வருஷம் ஆசிரியர் பயிற்சி டிப்ளமோ படித்தவள்தான். ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை அறிவியல் எடுத்தவள். இந்த விஷயத்துக்கு அதற்குமேல் படிப்பு தேவையில்லை. விமானம் எப்படி ஓட்டுவது என்று நான் சொல்லித்தரவில்லை. ஒலி, அழுத்தம், நெம்புகோல், வேகம் - இந்த நாலு பாடமும் உங்களுக்கு நான் எடுத்ததுதான். அதில்தான் கேள்வி கேட்கிறேன்.

முதலில் காது.

செஸ்னா 172-இல் என்ஜின் உங்கள் கால்களுக்கு முன்னால், ஒரு தகட்டுக்கு அந்தப் பக்கம் ஓடுகிறது. அதற்கு முன்னால் புரொப்பல்லர். நாம் சென்னையிலிருந்து மதுரைக்குப் போகும் பெரிய ஜெட் விமானம் போல ஒலி அடைக்கப்பட்ட அறை இல்லை அது. இப்படிப்பட்ட ஒற்றை என்ஜின் விமானத்துக்குள் சத்தம் 90 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். புறப்படும்போது இன்னும் கூடும். பக்கத்தில் இருப்பவரிடம் பேசக்கூட ஹெட்செட்டும் மைக்கும் தேவைப்படுவது அதனால்தான். அழகுக்காக யாரும் அதை மாட்டிக்கொள்வதில்லை.

மனிதருக்கு எவ்வளவு தாங்கும் என்று அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் ஒரு அளவு வைத்திருக்கிறது. 85 டெசிபல் என்றால் நாளொன்றுக்கு 8 மணி நேரம். அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகக் குறையும். 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி, 94-க்கு 1 மணி. 97 என்றால் அரை மணி. டெசிபல் கூட்டல் கணக்கு இல்லை, பெருக்கல் கணக்கு என்று எட்டாம் வகுப்பில் தலைதலையாக அடித்துக்கொண்டேனே, அது இதற்குத்தான். தம்பி எழுதியபடி பறந்தது போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி. மூன்று மணி நேரம்.

மனிதன் கேட்கும் ஒலி 20,000 ஹெர்ட்ஸோடு முடிகிறது. நாய் சுமார் 45,000 வரை கேட்கும். தெருமுனையில் வண்டி திரும்பும்போதே எழுந்து நிற்கிறதே, அந்தக் காது. உள்ளே இருப்பது நமக்கு இருக்கும் அதே காக்ளியா, அதே மயிர்ச் செல்கள். பாலூட்டிகளில் அந்தச் செல்கள் ஒருமுறை செத்தால் செத்ததுதான், மறுபடி முளைக்காது. உன் காதில் ஹெட்செட், உன் மகள் காதில் ஹெட்செட். மூன்று பேரைவிடக் கூர்மையான காது உள்ள நாலாவது ஆள் மட்டும் சும்மா உட்கார்ந்திருக்கிறான். அவனுக்கு வாய் இல்லை. "அப்பா, காது கொய்ங்குதுன்னு" சொல்லத் தெரியாது. இரண்டு வருஷம் கழித்துக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டான். "வயசாகிடுச்சு, பிடிவாதம் வந்துடுச்சு" என்று நீங்கள் சொல்வீர்கள்.

நாய்க்கென்றே காது மூடி விற்கிறார்கள். அமெரிக்காவில் மட் மஃப்ஸ் என்ற பெயரில் கிடைக்கிறது. தலையைச் சுற்றி வார் போட்டுக் கட்டும் ஹெட்செட் மாதிரிதான் இருக்கும். நாய் முதலில் ஏற்றுக்கொள்ளாது. வீட்டில் ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று மாட்டிப் பழக்க வேண்டும், தின்பண்டம் கொடுத்து. அந்தக் கூலிங் கிளாஸை மாட்டப் பழக்கிய பொறுமையை இதற்குச் செலவழித்திருக்கலாம். நான் கோபமாக எழுதுகிறேன் என்று தெரிகிறது. இந்த இடத்தில் கோபம்தான்.

"சந்தோஷமா இருந்தான் டீச்சர், நாக்கைத் தொங்கப்போட்டுச் சிரிச்சுக்கிட்டே வந்தான்" என்று தம்பி பதில் போட்டிருந்தார். நாய் நாக்கைத் தொங்கப்போடுவது உடம்புச் சூட்டை வெளியேற்ற. பயந்தாலும் அதேதான் செய்யும். அந்த வீடியோவைச் சத்தம் இல்லாமல் மறுபடி போட்டுப் பாருங்கள். புரூனோ மூன்று முறை கொட்டாவி விடுகிறான். அடிக்கடி மூக்கை நக்குகிறான். காது பின்னால் மடிந்து ஒட்டியிருக்கிறது. நாய் வளர்க்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், அது தூக்கக் கொட்டாவி இல்லை என்று. முன்னூறுக்கு மேல் ஹார்ட் விழுந்திருக்கிறது. எல்லாம் அந்தக் கண்ணாடிக்கு விழுந்தது.

அடுத்தது உட்கார்ந்திருக்கும் இடம். காது புரூனோவின் பிரச்சினை என்றால், இது பின் சீட்டில் இருக்கும் குழந்தையின் பிரச்சினையும்கூட.

காரின் முன் சீட்டு போல நினைத்துக்கொண்டு ஹார்ட் போட்டவர்களுக்குச் சொல்கிறேன். செஸ்னா 172-இல் வலது பக்கமும் ஓட்டலாம். இடது பக்கம் இருப்பது போலவே வலது பக்கமும் கைப்பிடி உண்டு, கீழே இரண்டு பெடல்கள் உண்டு. இரண்டு பக்கமும் ஒன்றோடொன்று இணைந்தவை. இடது பக்கம் கைப்பிடியை இழுத்தால் வலது பக்கக் கைப்பிடியும் பின்னால் வரும். அங்கே நாயின் மார்பு இருக்கிறது. பெடல்தான் விமானத்தின் வாலைத் திருப்புவது. பெடலின் மேல் முனையை அழுத்தினால் சக்கரத்துக்குப் பிரேக். அந்தக் கால்வைக்கும் பள்ளத்துக்குள் 32 கிலோ நாய் வழுக்கி விழுந்தால் என்ன ஆகும்? விமானி தன் பக்கப் பெடலை மிதிப்பார். அந்தப் பக்கம் நாய் உட்கார்ந்திருக்கும். பெடல் நகராது.

எப்போது விழும்? நடு வானத்தில், அமைதியாகப் பறக்கும்போது விழுந்தால் பரவாயில்லை, தூக்கி உட்கார வைக்கலாம். ஆனால் நாய் நிலைகுலைவது இறங்கும்போதுதான். மூக்கு கீழே சாயும், என்ஜின் சத்தம் மாறும், காதில் அழுத்தம் ஏறும், டெக்சாஸ் வெயிலில் தரையிலிருந்து எழும் வெந்த காற்று விமானத்தைக் குலுக்கும். அந்த நேரத்தில் விமானியின் இரண்டு கையும் இரண்டு காலும் வேலையாக இருக்கும். மணிக்கு 110 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் தரையைத் தொடப்போகிற நேரத்தில் ஒரு கையால் நாயைத் தூக்குவாயா தம்பி?

"ஊர்ல டிவிஎஸ் ஃபிஃப்டியில முன்னாடி நாய் நின்னுக்கிட்டுப் போகலையா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். போகிறது. எங்கள் தெருவிலேயே ஒருவர் தினமும் அப்படித்தான் பால் வாங்கப் போகிறார். நாய் துள்ளினால் அவர் காலை ஊன்றி வண்டியை நிறுத்துவார். வானத்தில் காலை எங்கே ஊன்றுவது?

இனி நெம்புகோல். ஆறாம் வகுப்பு. சீசா பலகையில் தடிப் பையன் நடுவுக்குப் பக்கத்திலும் ஒல்லிப் பையன் ஓரத்திலும் உட்கார்ந்தால் சமநிலை வரும் என்று படித்தோம். எடையைத் தூரத்தால் பெருக்க வேண்டும். விமானத்தை ஏற்றுவதற்கு முன் விமானி போடும் கணக்கும் இதேதான், வேறு ஒன்றுமில்லை. யார் எந்த சீட்டில், எவ்வளவு எடை, எவ்வளவு பெட்ரோல் - எல்லாவற்றையும் பெருக்கிக் கூட்டி வகுத்தால் ஈர்ப்பு மையம் எங்கே விழுகிறது என்று வரும்.

172 எஸ் மாடலை எடுத்துக்கொள்ளுங்கள். அதிகபட்ச எடை 2550 பவுண்டு, நம் கணக்கில் சுமார் 1157 கிலோ. அந்த முழு எடையில் ஈர்ப்பு மையம் இருக்க வேண்டிய முன் எல்லைக்கும் பின் எல்லைக்கும் நடுவே உள்ள இடைவெளி சுமார் 16 சென்டிமீட்டர். ஒரு சாண்கூட இல்லை. முன் சீட்டுக்கும் பின் சீட்டுக்கு அப்பாலுள்ள சாமான் வைக்கும் இடத்துக்கும் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர். 32 கிலோ நாய் பயந்து முன்னாலிருந்து தாவிப் பின்னால் போய்ச் சாமான் மேல் படுத்துக்கொள்கிறது என்று வையுங்கள். 32-ஐ ஒன்றரையால் பெருக்கி, 1157-ஆல் வகுங்கள். நாலு சென்டிமீட்டருக்கு மேல் வருகிறது. 16-இல் நாலு. கால் பங்கு! அது பின் பக்கமாக நகர்கிறது, அதாவது மூக்கு மேலே தூக்கும் பக்கமாக. மூக்கு அளவுக்கு மீறித் தூக்கினால் இறக்கை காற்றைப் பிடிக்காது.

இதனால் விமானம் விழுந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. சரியாக ஏற்றிய 172 மிகவும் பொறுமையான விமானம். 1955-இல் முதல் பறப்பு, இதுவரை 44,000-க்கும் மேல் செய்திருக்கிறார்கள், உலகத்தில் வேறு எந்த விமானமும் அத்தனை செய்யப்படவில்லை. நான் சொல்வது இவ்வளவுதான்: கணக்கில் எழுதாத நாலு சென்டிமீட்டர், நீ நினைத்த நேரத்தில் இல்லாமல் நாய் நினைத்த நேரத்தில் நகரப் போகிறது. பெட்டி நகராது, வார் போட்டுக் கட்டினால் கட்டின இடத்தில் இருக்கும். நாய் நகரும், ஏனென்றால் அதற்குக் காலும் பயமும் இருக்கிறது.

கட்டுவது பெரிய வித்தை இல்லை. கழுத்துப் பட்டையில் கட்டக் கூடாது, குலுங்கினால் கழுத்து போய்விடும். மார்பைச் சுற்றிய ஹார்னஸ் போட்டு, பின் சீட்டு பெல்ட்டோடு இணைக்க வேண்டும். இல்லையென்றால் பின்னால் கூண்டு வைத்து, தரையிலுள்ள வளையங்களில் வார் போட்டு இறுக்க வேண்டும். சாமான் இடத்தில் வைத்தால் அங்கே 120 பவுண்டுதான், அதாவது சுமார் 54 கிலோதான் அனுமதி, கூண்டின் எடையும் சேர்த்து. வேகமாகப் போய் அவசரமாக நிற்கும்போது கட்டாத பொருளின் எடை பெருகும் என்பதும் பழைய பாடம்தான். 9 மடங்கு விசை வந்தால் 32 கிலோ, 288 கிலோவாக வந்து மோதும். யாருக்கு முன்னால் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

"சட்டத்தில் எங்கேயும் நாயைக் கட்டணும்னு இல்லை" என்று இன்னொரு மாணவர், வக்கீல், எழுதியிருந்தார். அமெரிக்க விமானத் துறை விதி மனிதருக்கு பெல்ட் போடச் சொல்கிறது, தனியார் பயணத்தில் நாயைப் பெயர் சொல்லிப் பேசவில்லை. அதே விதிப் புத்தகம் விமானத்தின் பொறுப்பும் இறுதி முடிவும் விமானியுடையது என்றும் சொல்கிறது. கவனக்குறைவாக ஓட்டக் கூடாது என்றும் சொல்கிறது. வக்கீல் தம்பி, சட்டம் பேசாத இடத்தில் பொறுப்பு ஓட்டுகிறவன் தலையில் விழும். உன் கட்சிக்காரருக்கு நீ சொல்லும் முதல் பாடமே அதுதானே?

உயரத்தைப் பற்றி நீட்டி எழுதவில்லை. 10,000 அடியில் காற்றழுத்தம் தரையில் இருப்பதில் 70 சதவீதத்துக்கு வந்துவிடும். இந்த விமானத்தில் அழுத்தம் ஏற்றும் வசதி கிடையாது. 12,500 அடிக்கு மேல் அரை மணிக்கு மேல் பறந்தால் விமானி ஆக்சிஜன் எடுத்தாக வேண்டும் என்று விதி. அந்தக் குழாயை நாய் மூக்கில் எப்படி மாட்டுவீர்கள்? பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்குத் தரையிலேயே மூச்சு வாங்கும். ஆக, கீழேயே பறக்க வேண்டும், மெதுவாக இறங்க வேண்டும், இறங்கும்போது விழுங்குவதற்கு ஏதாவது கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், நமக்கு ஆரஞ்சு மிட்டாய் கொடுப்பது போல. ஒரு பெரியம்மா "தூக்க மாத்திரை கொடுத்துட்டா போச்சு" என்று எழுதியிருக்கிறார். பெரியம்மா, தயவுசெய்து வேண்டாம். அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சங்கமே விமானப் பயணத்துக்கு மயக்க மருந்து வேண்டாம் என்றுதான் சொல்கிறது. ரத்த அழுத்தம் இறங்கும், உடம்புச் சூட்டைச் சமாளிக்கும் சக்தி போகும்.

ஆனால் புரொப்பல்லர் விஷயத்தைச் சொல்லாமல் விட மாட்டேன். வீடியோவின் கடைசிப் பத்து விநாடி. விமானம் நிற்கிறது, கதவு திறக்கிறது, புரூனோ குதித்து ஓடுகிறான், எல்லோரும் சிரிக்கிறீர்கள். பின்னணியில் புரொப்பல்லர் சுற்றி ஓய்ந்துகொண்டிருக்கிறது. சுற்றும்போது அது கண்ணுக்கே தெரியாது, ஒரு மங்கலான வட்டம், அவ்வளவுதான். மூன்று மணி நேரம் சத்தத்தில் உட்கார்ந்து, சிறுநீர் முட்டி, வெளியே குதிக்கிற நாய்க்கு அந்த வட்டம் என்னவென்று தெரியாது. அதன் பின்னால் ஓடப் போவது யார்? ஆறு வயதுப் பெண். என்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்து, காற்றாடி அசையாமல் நின்றபிறகு, கயிறு கட்டி நாயை இறக்க வேண்டும். இதற்கு எந்தப் பட்டமும் தேவையில்லை.

நடுவில் ஒரு பையன், என்னிடம் நிறையக் குட்டு வாங்கியவன், "ரஷ்யாக்காரன் ராக்கெட்லயே நாயை அனுப்பினான் டீச்சர்" என்று போட்டிருக்கிறான். அனுப்பினார்கள். 1957 நவம்பர் 3. மாஸ்கோ தெருவில் பிடித்த லைகா. சில மணி நேரத்திலேயே சூட்டில் செத்துப்போனது. அந்த உண்மை வெளியே வந்தது 2002-இல். உதாரணம் காட்டும்போது கடைசிப் பக்கத்தையும் படி என்று உனக்கு அப்போதே சொல்லியிருக்கிறேன்.

இப்போது மாப்பிள்ளைக்கு வருகிறேன். நான் தம்பியைக் கண்டித்ததும் தன் கட்சிக்கு ஆள் கிடைத்ததாக நினைத்துவிட்டார் போலிருக்கிறது. இல்லை மாப்பிள்ளை.

நாய்க்கு ஏன் விமானம் என்று கேட்கிறீர்கள். அமெரிக்கா நம் ஊர் போல இல்லை, வீட்டுக்கு வீடு ஆயிரம் மைல் தூரம். வேலை மாறினால் நாயையும் தூக்கிக்கொண்டு போக வேண்டும். பெரிய விமானத்தில் சின்ன நாய் என்றால் சீட்டுக்கு அடியில் பை. பெரிய நாய் என்றால் பெரும்பாலும் கீழே சரக்கு அறை. 2017-இல் அமெரிக்க விமான நிறுவனங்கள் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட விலங்குகளை ஏற்றின. அதில் 24 இறந்தன. விகிதம் குறைவுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த 24-இல் 18 ஒரே நிறுவனத்தில். அடுத்த வருஷம் மார்ச்சில் அதே யுனைடெட் விமானத்தில், பணம் கட்டி ஏற்றிய ஒரு புல்டாக் குட்டியைத் தலைக்கு மேல் பெட்டி வைக்கும் இடத்தில் வைக்கச் சொன்னார் பணிப்பெண். ஹூஸ்டனிலிருந்து நியூயார்க் போய்ச் சேரும்போது குட்டி உயிரோடு இல்லை. பொறுப்பு தங்களுடையது என்று நிறுவனமே ஒப்புக்கொண்டது. இதையெல்லாம் படித்த ஒருவன், தன் நாயைத் தன் கண் முன்னாலேயே வைத்துக் கூட்டிப் போக ஆசைப்பட்டால் அது சொகுசு இல்லை. 2024-இல் பார்க் ஏர் என்று நாய்களுக்கென்றே ஒரு விமான சேவை வந்து, நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸுக்கு ஒரு வழிக்கு 6,000 டாலர் வாங்கியது. அதை வேண்டுமானால் சொகுசு என்று திட்டுங்கள், நானும் கூடச் சேர்ந்துகொள்கிறேன்.

இன்னொன்று. பைலட்ஸ் என் பாஸ் என்று ஒரு அமைப்பு 2008-இல் தென் கரோலினாவில் தொடங்கியது. அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களில் காப்பகங்கள் நிரம்பி வழிகின்றன. இடமில்லாமல் நல்ல நாய்களையே ஊசி போட்டுக் கொல்கிறார்கள். வடக்கே வளர்க்க ஆள் இருக்கிறார்கள். நடுவில் இருப்பது தூரம்தான். சொந்தமாகச் சின்ன விமானம் வைத்திருப்பவர்கள், தங்கள் கைக்காசில் பெட்ரோல் போட்டு, லீவு நாளில் அந்த நாய்களை ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட்டு வருகிறார்கள். மனுஷனுக்கு இடமில்லை என்று அவர்கள் யாரையும் இறக்கிவிடவில்லை மாப்பிள்ளை. தன் விமானம், தன் காசு, தன் ஞாயிற்றுக்கிழமை. அவர்கள் நாயை ஏற்றாவிட்டால் நம் ஊர் டவுன் பஸ்ஸில் ஒரு சீட்டு கூடப் போகிறதா?

தம்பி, உனக்கு இதை எழுதக் காரணமே அவர்கள்தான். அவர்கள் ஏற்றும் நாய் யாருடையது என்று அவர்களுக்கே தெரியாது. பெயர்கூடத் தெரியாமல் ஏற்றுவதும் உண்டு. கூண்டிலோ ஹார்னஸிலோ கட்டி ஏற்றுகிற படங்களை நீயே தேடிப் பார். அன்றைக்கு ஒரு நாள் பார்த்து, மறுபடி பார்க்கப்போகாத நாய்க்கு அந்த மனிதர்கள் அவ்வளவு செய்கிறார்கள். எட்டு வாரக் குட்டியாக வாங்கி, பாட்டிலில் பால் கொடுத்து, உன் படுக்கையில் படுக்க வைத்து வளர்த்த நாய்க்கு நீ ஒரு பிளாஸ்டிக் கண்ணாடி மாட்டியிருக்கிறாய்.

"பயமுறுத்தாதீங்க டீச்சர், இனிமே அவனைக் கூட்டிட்டே போகலை" என்று நேற்று இரவு உள்பெட்டியில் எழுதியிருந்தாய். அதை நான் கேட்கவில்லையே. முழுக்க விட்டுவிடுவது சோம்பேறித்தனம். கூட்டிப் போ. காது மூடியை வாங்கி வீட்டில் பதினைந்து நாள் பழக்கு. என்ஜின் போடாமல் விமானத்தில் உட்கார வை, பிறகு என்ஜின் போட்டு நின்ற இடத்திலேயே உட்கார வை, பிறகு இருபது நிமிடம் பற. முதல் நாளே மூன்று மணி நேரம் வேண்டாம். கோடையில் காலை ஏழு மணிக்குள் கிளம்பு. வெயிலில் நிறுத்திய அந்தக் கண்ணாடிக் கூண்டு அடுப்பு மாதிரி ஆகிவிடும், சூடான காற்றில் விமானமும் மெதுவாகத்தான் ஏறும். மேலே போனால் ஆயிரம் அடிக்குச் சுமார் 2 டிகிரி குறையும் என்று அவனை அதுவரை வேகவிடாதே. அவன் இடம் பின் சீட்டு, பாப்பாவுக்குப் பக்கத்தில், ஹார்னஸ் போட்டு. உன் மனைவி முன்னால் வரட்டும். அவர் கைப்பிடியைத் தொட மாட்டார் என்று நம்புகிறேன்.

கணக்கு ஒன்று பாக்கி இருக்கிறது. மேலே நான் போட்டது பொதுவான 172 எஸ் மாடலின் எண்கள். நீ வாடகைக்கு எடுக்கும் விமானத்துக்கென்று தனியாக எடைத் தாள் இருக்கும், காலி எடை அதில் எழுதியிருக்கும். நீங்கள் மூன்று பேர், சாமான், பெட்ரோல், பின் சீட்டில் 32 கிலோ புரூனோ - எல்லாவற்றையும் தூரத்தால் பெருக்கி, ஈர்ப்பு மையம் எங்கே விழுகிறது என்று கணக்குப் போட்டுக் கீழே கமெண்டில் எழுது. சனிக்கிழமைக்குள் வேண்டும். விடை மட்டும் போதாது, படிகளோடு எழுது.